கத்தரிச் செடிகள் நிமிருமா?

பங்குனி, செவ்வாய்க்கிழமை இரவு

படுத்தால் கத்தரிச் செடிகள்தான் கண்ணுக்குள் நிற்கின்றன.

மத்தியானம் இலையெல்லாம் துவண்டு தொங்குவதைப் பார்த்துவிட்டு, இவர் தண்ணீர் பாய்ச்சக் கிளம்பினார். நேற்றும் இதே கதைதான். இன்று நான் குறுக்கே போய் நின்றேன்.

"மண்ணத் தொட்டுப் பாருங்க, கொழகொழன்னு கெடக்கு. வேரு குடிக்கிறத விட வேகமா, இந்த வெயில்ல இலை ஆவியா விட்டுருது. பொழுது சாஞ்சா தானா நிமிந்துரும்."

"கண்ணு முன்னாடி வாடுது, சும்மா பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றியா?"

"இம்புட்டு ஈரத்துல இன்னமும் தண்ணி விட்டா வேரு மூச்சு முட்டி அழுகிரும். அப்புறம் எம்புட்டு ஊத்துனாலும் மேல ஏறாது."

முணுமுணுத்துக்கொண்டே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் பாதிச் செடிகள் நிமிர்ந்தன. மீதி நிமிரவே இல்லை. விடியும்போதும் தொங்கிக்கொண்டிருந்தால் வேர் போய்விட்டது என்று அர்த்தம். போட்டதெல்லாம் மண்ணோடு போகும். இவரோ என் பேச்சை நம்பிக் குறட்டை விடுகிறார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

கிணற்றடியில் ஏதோ சத்தம். மோட்டார் ஓடுகிறது!

ராத்திரி மும்முனை கரண்ட் வந்ததும் தானாக மோட்டாரைப் போட்டுவிடும் அந்த ஆட்டோ சுவிட்ச். அதை யாருமே அணைக்கவில்லை. நேற்று இவர் பாய்ச்சியதால்தான் மண் கொழகொழவென்று கிடக்கிறது என்று பகலெல்லாம் இவரைத் திட்டினேனே. இன்று தூக்கம் வராததால் காதில் விழுகிறது. நாங்கள் அசந்து தூங்கிய எத்தனை ராத்திரி இப்படி ஓடியதோ?

முதலில் போய் அதை அணைக்க வேண்டும். டார்ச் எங்கே வைத்தேன்?