பால் என்று நம்பி ஊட்டியது

என் கண்ணான மகளே லலிதா,

உன் மகளைப் பற்றிய செய்தி இது. எழுதக் கை ஓடவில்லை. ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நீ கண்மூடியபோது கைக்குழந்தையாக இருந்த யாழினிக்கு இப்போது நான்கு வயது. கொழுகொழுவென்று இருக்கிறாள். "தாயில்லாப் புள்ளைய எப்படி வளத்திருக்காரு பாரு" என்று புக்கிட் பெலிம்பிங் தோட்டம் முழுக்க எனக்குப் பெயர்.

போன ஞாயிறு கோயில் மண்டபத்தில் சத்துணவு வகுப்பு. பிள்ளைகள் தினமும் சாப்பிடுவதைக் கையோடு கொண்டுவரச் சொன்னார்கள். நான் அவளுடைய பால் டின்னைக் கொண்டுபோனேன். தேநீரில் ஊற்றுவோமே, அந்தக் கெட்டிப்பால்தான். சுடுநீரில் கரைத்துப் புட்டியில் கொடுப்பேன். தோட்டத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தானே கொடுத்தோம்?

கிளினிக்கிலிருந்து வந்த தாதி, அந்த மிஸ்ஸி, யாழினியை நிறுத்துப் பார்த்தாள். விரலில் குத்தி ரத்தமும் பார்த்தாள். எடை மிக அதிகம், ரத்தம் மிகக் குறைவு என்றாள்.

எழுந்து நின்று கத்தினேன். "குண்டா இருக்குற புள்ளைக்கு ரத்தம் இல்லையா? யாருகிட்டம்மா கதை விடுற?"

"குண்டு வேற, சத்து வேற லா, தாத்தா. இந்த டின்னுல பால் பேருக்குத்தான். சீனியும் செம்பனை எண்ணெயும்தான் நெறைய."

நான் நம்பவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு டின்னிலிருந்த மலாய் எழுத்தை நானே கூட்டிப் படித்தேன். முதலில் சீனி. அடுத்தது செம்பனை எண்ணெய்.

"அண்ணே, காலம்பூரா தோட்டத்துல நீங்க வெட்டுன செம்பனைக் குலையத்தான் பேத்திக்கு ஊத்திருக்கீங்க!" என்றான் பக்கத்து வீட்டு முனியாண்டி. மண்டபமே சிரித்தது.

டின்மேல் பால் வழிகிற படம் அவ்வளவு பெரிது. எண்ணெய் என்ற சொல் மட்டும் ஏன் எறும்பு அளவில்? இத்தனை வருடம் விற்றவர்களில் ஒருவருக்குமா வாய் இல்லை?

அன்றே புட்டியைத் தூக்கி எறிந்தேன். இப்போது முட்டை, நெத்திலி, கீரை, மிஸ்ஸி கொடுத்த சத்து மருந்து. யாழினி தட்டைத் தள்ளிவிடுகிறாள். "நீ கெட்ட தாத்தா! அம்மாகிட்ட சொல்லிருவேன்!" என்று உன் படத்துக்கு முன்னால் நின்று அழுகிறாள்.

சொல்லட்டும். நீ கேட்டுக்கொள், எனக்காகப் பரிந்து பேசாதே. அவள் உடம்பில் ரத்தம் ஏறும்வரை அந்த அழுகைக்கு நான் இரங்கமாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் மகளுக்கு இப்போதைக்குக் கெட்ட தாத்தாவான,
உன் அப்பா