உயிர்க்கண் உள்ள மைக்கல்

பதினோராம் மாதம், ஆறாம் நாள்

காலையிலிருந்து இவருக்குத் தரையில் கால் பாவவில்லை. மாப்பிள்ளை வீடான பாவ் வீட்டிலிருந்து நிச்சயப் பொருள் வந்துவிட்டது: மை அரைக்கும் கல். மலை வடிவத் தூரிகைத் தாங்கி, வயிற்றில் நீர் வைத்த வெண்கலத் தவளை, தாள் மேல் வைக்கும் பச்சைக்கல் சிங்கம், எல்லாவற்றையும் ஓரம் தள்ளிவிட்டு மேசை நடுவில் அதை வைத்திருக்கிறார். கருஞ்சிவப்புக் கல். மூலையில் பச்சை வட்டம், அதற்குள் கரும்புள்ளி.

"உயிர்க்கண்ணு! நம்மளையே பாக்குது பாரு!" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். இத்தனை வருஷத்தில் இவ்வளவு ஆசையாக என் கையைப் பிடித்ததில்லை.

மாப்பிள்ளைப் பையன் ரத்தமாய்க் கக்குகிறான் என்பது ஹுய்சோ ஊர் முழுக்கத் தெரியும். வீட்டில் மங்கலம் நடந்தால் நோய் ஓடிவிடுமாம். அதற்கு என் மகள் ருவோலான்.

ஒன்பதாம் நாள்

கேட்டேவிட்டேன். "பெத்த பொண்ணைக் கல்லுக்கு வித்துட்டீங்களே, மனசு உறுத்தலையா?"

"வித்தேனா? நிச்சயம் பண்ணியிருக்கேன். வாயை அடக்கிப் பேசு."

காய்ந்த தாமரைக்காயின் வெறுங்கூட்டால் கல்லைப் பதமாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டே சொல்கிறார். பெற்ற பிள்ளையை ஒருநாள் குளிப்பாட்டியிருப்பாரா இந்த மனுஷன்?

பதினைந்தாம் நாள்

பனி. ருவோலான் கல்யாணச் செருப்புக்குப் பூ தைக்கிறாள்.

இருபதாம் நாள்

நிச்சயப் பொருள் உடைந்தால் அபசகுனம். பாவ் வீட்டார் பூனை குறுக்கே போனாலே பல்லக்கைத் திருப்புகிறவர்கள். அவர்களாகவே இந்தப் பெண் வேண்டாம் என்பார்கள். ஆனால் தானாக உடைந்ததாகத் தெரிய வேண்டுமே - எப்படி?

குளிரில் கிடக்கும் கல்லில் வெந்நீர் பட்டால் விரிசல் விட்டுவிடும். இவரே சொல்லிச் சொல்லி எங்களை மிரட்டியதுதான்.

இருபத்தொன்றாம் நாள்

ஊற்றினேன். கண்ணுக்குக் குறுக்கே விரிசல் விட்டது.

இவர் தரையில் உட்கார்ந்து அழுதார். "உயிர்க்கண்ணு போச்சேடி! இனி இது அழுகண்ணுதான்!" பனியில் விரிசல் விட்டதாக நம்பிவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. சமையலறைக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

இருபத்திரண்டாம் நாள்

தரகுக்காரி கோ அத்தை வந்தாள். பையன் முந்தாநாளே செத்துவிட்டானாம்.

"பாவ் பெரியவர் தங்கமான மனுஷன்மா. 'என் புள்ளையே போயிட்டான், அந்தப் பொண்ணு வாழ்க்கையை ஏன் கெடுக்கணும்? கல்லைக் கொடுத்த மாதிரியே திருப்பிக் கொடுத்துட்டா நிச்சயம் முறிஞ்சுது'ன்னுட்டார். இந்தக் காலத்துல யாரு சொல்வா? எங்கே, கல்லைக் கொண்டாங்க."

கொடுத்த மாதிரியே. ஐயோ. ஐயோ.

நான்தான் உடைச்சேன், என் பொண்ணு என்ன பண்ணினா, என்று கோ அத்தையின் காலைப் பிடித்தேன்.

"திருப்ப முடியாத பொருள்னா ஏத்துக்கிட்ட பொருள்தாம்மா. முறையை நானா மாத்த முடியும்? உங்க பொண்ணு இனி அவங்க வீட்டு விதவை."

இவர் என்னை அறைந்தார். மகளுக்காக அல்ல, கல்லுக்காக.

இருபத்தைந்தாம் நாள்

"அழாதே. நம்ம பொண்ணு கடைசி வரைக்கும் விதவையா இருந்தா அவ கற்புக்கு ஊர் முகப்புல கல்வளைவு எழுப்புவாங்க. என் பேரும் அதுல வரும்," என்கிறார். பாவி.

பன்னிரண்டாம் மாதம், மூன்றாம் நாள்

செத்தவன் பெயர் எழுதிய பலகைக்குச் சிவப்புத் துணி சுற்றிக் கொண்டுவந்தார்கள்; அதுதான் மாப்பிள்ளை. அதை மடியில் வைத்துக்கொண்டு ருவோலான் பல்லக்கில் ஏறினாள். திரையை மூடப் போனேன். கத்தவில்லை, அழவில்லை. மெதுவாகக் கேட்டாள்: "ஒரே ஒருநாள் பொறுத்திருக்கக் கூடாதாம்மா?"

திரையை மூடிவிட்டேன்.

விருந்தினர் போனதும் இவர் மேசையில் உட்கார்ந்தார். மகளின் கற்பைப் புகழ்ந்து பாட்டெழுதப் போகிறாராம், அந்தக் கல்லிலேயே மை அரைத்து. விரிசலுக்கு அரக்குப் பூசியாகிவிட்டது. "தண்ணி கொண்டா," என்றார்.

கொண்டுபோய் வைத்தேன்.