குவியலோடு வாங்கிய சொல்

தை 28, புதன்

மன்னார்குடியில் இன்று ஆங்கில விரிவுரையாளர் வேலைக்கு நேர்முகம். "‘எங்க்ரோஸ்’னா மூழ்கிப்போறதுன்னு எல்லாருக்கும் தெரியும். அது எங்கேருந்து வந்துச்சு, சொல்லும்மா," என்றார் துறைத்தலைவர்.

"சந்தைச் சரக்கை ஒருத்தரே மொத்தமா வாங்கிடறதுங்க சார். எங்க களத்துல வியாபாரி நெல்லைக் குவியலோட எடுத்துப்பாரே, அப்படி. மனசையும் அப்படி எடுத்துக்கிறதுன்னு அப்புறம்தான் வந்துச்சு."

"விதைநெல்லையுமா?"

"விட்டா அதையும்தாங்க."

சிரித்துவிட்டார். "திங்கக்கிழமையே வந்துடுங்க."

சொல்லும்மா என்றவர், வந்துடுங்க என்கிறார். பேருந்தில் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஊர் நிறுத்தத்தில் காத்திருந்த அப்பா போனில் கூப்பிட்டார். "பஸ்சு போயிடுச்சே, எங்கம்மா இருக்க?"

எங்கள் ஊரைத் தாண்டி இரண்டு ஊர் போயிருந்தேன். இறங்குவதை நினைக்க மனதில் ஒரு மரக்கால் அளவுகூட மிச்சமில்லை.

"வேலை கிடைச்சிடுச்சுப்பா!"

வாய்க்கால் கரையோடு நடந்தே திரும்பினேன். கால் வலிக்கவே இல்லை.