ஹாரனிலிருந்து கழற்றிய ரிலே

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் நலம், என் வண்டியும் நலம், உன் மாமாவுக்குத்தான் என் முகத்தைப் பார்க்கக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன், ஆனாலும் கோபமாகத்தான் எழுதப்போகிறேன். போனில் என்றால் நீ நடுவில் அழுதுவிடுவாய், நானும் பாதியில் இறங்கி வந்துவிடுவேன், அதனால்தான் கடிதம்.

கண் ஆபரேஷனுக்குப் பிறகு, இனி தாராளமாக ஓட்டலாம் என்று டாக்டர் சொன்ன மறுநாளே ஷெட்டைத் திறந்தேன். சாவியைத் திருப்பினால் டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மாமா பக்கத்தில் நின்றுகொண்டு, "வயசான வண்டி அக்கா, எஞ்சின் போயிருக்கும், வித்துத் தலைமுழுகு" என்றான். பானெட்டைக்கூடத் திறக்காமல் எஞ்சினுக்குச் சாவு எழுதியவன் இவன் ஒருவன்தான். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஹெட்லைட்டைப் போட்டேன், பளிச்சென்று எரிந்தது, சாவியைத் திருப்பியபோதும் மங்கவில்லை. ஆக பேட்டரியில் குறையில்லை, ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் கரண்ட் போய்த் திரும்புகிற வழியில்தான் எங்கோ தடை. பேட்டரியின் மைனஸிலிருந்து ஒரு தடித்த ஒயரை நேராக எஞ்சின் மேல் வைத்து மாட்டிவிட்டுத் திருப்பினேன், ஸ்டார்ட்டர் கரகரவென்று சுற்றியது. எஞ்சினையும் பாடியையும் இணைக்கிற எர்த் பட்டை பச்சையாக அரித்துக் கிடந்தது, கழற்றி உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்து இறுக்கினேன். இத்தனைக்கும் மாமா டார்ச் பிடித்ததோடு சரி, அதையும் நேராகப் பிடிக்கவில்லை.

ஸ்டார்ட்டர் சுற்றியதே தவிர எஞ்சின் பிடிக்கவில்லை. உடனே அவன், நான்தான் சொன்னேனே என்று ஆரம்பித்தான். இந்த வண்டியில் கார்புரேட்டர் கிடையாது, இன்ஜெக்டர்தான் பெட்ரோலைப் பீய்ச்ச வேண்டும், அதற்கு டாங்கில் இருக்கிற பம்பு ஓட வேண்டும். சாவியைப் போட்டதும் பின்சீட்டுக்கு அடியில் அது லேசாக முனகும், சின்ன வயதில் நீ அதைப் பூனை என்பாய், சீட்டைத் தூக்கித் தேடியிருக்கிறாய். இப்போது பூனை முனகவே இல்லை. ஃபியூஸைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. பம்புக்குக் கரண்ட் விடுகிற குட்டி சுவிட்சான ரிலேயைப் பார்க்கலாம் என்று பெட்டியைத் திறந்தால் ரிலேயே இல்லை. பெட்டி முழுக்கத் தூசி, அந்த ஒரு இடம் மட்டும் துடைத்தாற்போல் காலி. கெட்டுப்போன பொருள் இருந்த இடத்திலேயே இருக்கும், எழுந்து நடந்து போகாது. நான் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன், அவன் திருதிருவென்று விழித்தான்.

பக்கத்திலேயே ஹாரனுக்கும் அதே ரிலேதான். அதைப் பிடுங்கி இங்கே சொருகினேன், பூனை முனகியது, எஞ்சின் ஒரே திருப்பலில் பிடித்துக்கொண்டது. ரிலே எது என்று இவனுக்குத் தெரியாது, கழற்றிய கை மெக்கானிக்குடையதாகத்தான் இருக்கும் என்று, ஹாரன் இல்லாத வண்டியில் உன் மாமாவை உட்காரவைத்துக்கொண்டு நேராக ஒர்க்ஷாப்புக்குப் போனேன். குறுக்கே வந்தவர்களுக்கெல்லாம் ஜன்னல் வழியாக அவன்தான் கத்திக்கொண்டு வந்தான், அவனுக்கு அதுதான் தண்டனை. மெக்கானிக் என்னைப் பார்த்ததும் அசடு வழிந்தபடி, "உங்க பொண்ணுதான் போன்ல கெஞ்சுச்சும்மா, அம்மா ஓட்டவும் கூடாது, அவங்களுக்குத் தெரியவும் கூடாதுன்னு, நான் என்ன பண்றது" என்று மேஜை டிராயரைத் திறந்து என் ரிலேயை எடுத்துக் கொடுத்தான். நான் ஆஸ்பத்திரியில் கண்ணில் கட்டோடு படுத்திருந்தபோது ஷெட் சாவியைக் கொடுத்தது உன் மாமா. நல்ல கூட்டணி.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எத்தனையோ வருஷம் ரிலேக்களின் டிக் டிக் சத்தத்துக்கு நடுவிலேயே வாழ்ந்தவள் நான், எது ஒட்டிக்கொண்டது எது செத்தது என்று காதாலேயே சொல்வேன், உனக்கு என்னிடம் ஒளிக்க வேறு பொருளே கிடைக்கவில்லையா? ஆபரேஷனுக்கு முன்னால் கேட் தூணில் உரசினேன், உண்மைதான். அதனால்தானே கண்ணைச் சரிசெய்துகொண்டேன். நீ அங்கே உட்கார்ந்துகொண்டு பயப்படுவது எனக்குப் புரியாமல் இல்லை. ஓட்டாதே என்று நேராகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், நமக்கு அது புதிதா என்ன. நல்ல வண்டியைக் கெட்டுவிட்டது என்று என்னையே நம்பவைக்கப் பார்த்தீர்களே, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து அழுதேன், அழுது முடித்துவிட்டு ஹாரனின் ரிலேயை அதன் இடத்திலேயே மாட்டினேன்.

இப்போது காய்கறிக்கும் லைப்ரரிக்கும் நானேதான் ஓட்டிப்போகிறேன், இருட்டுவதற்குள் திரும்பிவிடுகிறேன், அது டாக்டர் சொன்னது, உனக்காக இல்லை. லீவுக்கு நீ வரும்போது ஸ்டேஷனுக்கு நான்தான் வருவேன், டாக்ஸி பிடித்தாயானால் வீட்டுக் கதவு திறக்காது. முன்சீட்டில் உட்காரப் பயமாக இருந்தால் பின்னால் பூனையோடு உட்கார்ந்துகொள். தோள்வலிக்கு ஒத்தடம் கொடுக்க மறக்காதே, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே சமைக்காதே. உனக்கும் உன் வீட்டுக்கும் ஒரு குறையும் வராது, என் ஆசி முழுக்க உண்டு, கோபத்தில் அதைக் குறைத்துவிடவில்லை.

ஒன்றை மட்டும் நினைவில் வை. என் கண் போதவில்லை என்று எனக்கே தெரிகிற நாள் வந்தால் அந்த ரிலேயை நானே கழற்றி உன் கையில் கொடுப்பேன். அதுவரை அதை யாரும் தொடக் கூடாது.

இப்படிக்கு,
உன் அம்மா