வெள்ளவத்தை மாடிவீட்டுக்கு அம்மா போட்ட விலை

உக்குவளை,
2003 ஆவணி, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் சுந்தரலிங்கத்துக்கு அம்மா அழகம்மாவும் அப்பா பழனிமுத்துவும் எழுதிக்கொள்வது. மாரியாத்தா புண்ணியத்துல இங்க எல்லாரும் சுகம், கட்டார் வெயில்ல நீயும் உருகிப் போகாம முழுசா இருக்கணும்னு அவளையே கும்பிட்டுக்கிறோம். இது வரைக்கும் அம்மா சொன்னது. எழுதுற கை வழக்கம்போல உன் தங்கச்சி சந்திரகாந்தாவோடது. அம்மா அடுப்புப் பக்கம் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதுறேன், சொல்லாததையும் சேர்த்து எழுதுறேன், அதுக்குத் தனிக் கூலி கேக்கல. போன்ல சொல்லியிருக்கலாமேன்னு கேப்ப. டவுன் கடையில போன் மீட்டர் ஓட ஓட அப்பா முகம் போற போக்கைப் பார்த்தா சுகம் விசாரிக்கவே வாய் வராது, நீ பார்க்கச் சொன்ன வீட்டைத் திட்டுறதுக்கு அந்த நேரம் எங்க பத்தும், அதான் கடுதாசி.

நீ எழுதினதை அம்மா மூணு பேருகிட்ட வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டாங்க, நான் வாசிச்சதுல நம்பிக்கை இல்லையாம். வெள்ளவத்தையில கடல் பார்த்த தொடர்மாடியில அஞ்சாம் மாடி வீடு, முழுக்கப் புதுப்பித்தது, அம்மாவும் அப்பாவும் ஒருக்கா நேர்ல பார்த்து சொல்ற விலைக்குத் தகும்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், கம்பெனியில இன்னும் நாலு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டு முற்பணத்தைக் கட்டிருவேன், தோட்டத்து வரிசை வீட்டுல, லயத்துல பொறந்தவன்ங்கற பேரு என்னோட முடியட்டும்னு எழுதியிருந்தே. அப்பா அன்னைக்கே கோயிலுக்குப் போகுற சட்டையை எடுத்து மடிப்புப் போட்டு வச்சிட்டாரு. அம்மா நாலு வருஷமா, நாலு வருஷமான்னு ரெண்டு தடவை கேட்டாங்க, அதுக்கப்புறம் வீட்டைப் பத்தி ஒண்ணும் கேக்கல. நீ போகும்போது நான் ஆறாம் வகுப்பு, இப்ப ஓ.எல். பரீட்சை எடுக்கப் போறேன், இன்னும் நாலு வருஷம் கழிச்சு நீ வந்தா என்னைப் பார்த்து யாருங்க இந்தம்மான்னு கேப்ப.

சரி, போன கதைக்கு வர்றேன். விடியக்காலை ஸ்டேசனுக்குப் போயி கோச்சியில ஏறி மூணு பேரும் போனோம். வாந்தி வரக்கூடாதுன்னு அம்மா ஒரு எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டே வந்தாங்க, அந்தப் பழத்தை ஞாபகம் வச்சுக்க, பின்னால வரும். புரோக்கர் நல்லையா வாசல்லயே நின்னாரு, வெள்ளைச் சட்டை, பையில ரெண்டு பேனா, ரெண்டுலயும் மை இருக்கான்னு எனக்குச் சந்தேகம். வாங்க வாங்க, சுந்தரலிங்கத்தோட தாய் தகப்பனா, அவரு மாதிரி ஒரு புள்ளை கிடைக்க நீங்க குடுத்து வச்சிருக்கணும்னு சொன்னாரு. உன்னை அவரு போன்ல மட்டும்தான் பார்த்திருக்காரு, அதாவது பார்த்ததே இல்ல. எதைக் காட்டினாலும் கடைசியில நல்லா இல்லையா, நல்லா இல்லையான்னு கேட்டாரு, நானும் விடாம நல்லா இல்ல ஐயா, நல்லா இல்ல ஐயான்னு பதில் சொன்னேன், அப்பா என் முதுகுல நுள்ளினது இன்னும் வலிக்குது. லிஃப்ட் புதுசுன்னாரு. நான் உள்ள ஒரு குதி குதிச்சுப் பார்த்தேன், நல்லையா சுவரைப் புடிச்சுக்கிட்டு கண்ணை மூடிட்டாரு. லிஃப்ட்டு புதுசுதான் அண்ணே, நடுக்கம் மட்டும் பழசு.

வீட்டுக்குள்ள போனதும் அப்பா செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டாரு, டைல்ஸ் அழுக்காயிருமாம். அவ்வளவு பளபளப்பு, ஒத்துக்குறேன், குனிஞ்சா மூக்குல இருக்குற மச்சம் தெரியுது. எந்தப் பக்கம் பார்த்தாலும் பெயின்ட் வாசம், அம்மா பழத்தை மறுபடி மூக்குல வச்சாங்க, அது கை நழுவித் தரையில விழுந்துச்சு. விழுந்த பழம் அங்கேயே கிடக்கணும்ல? அது தானா உருள ஆரம்பிச்சு, ஹாலைத் தாண்டி, சமைக்கிற குசினிக்குள்ள போயி, சுவரோட அடிச்சு வச்சிருக்குற புது அலமாரிக்கு அடியில போயி ஒளிஞ்சிருச்சு. நல்லையா, கழுவிவிடுற தண்ணி வடியணும்னுதான் இப்படிச் சரிவா போட்டிருக்குன்னாரு. அப்ப தண்ணி போற ஓட்டை ஏன் அந்தப் பக்கம் மேட்டுல இருக்குன்னு கேட்டேன். பிள்ளை நல்லாப் படிக்குதுபோலன்னு அப்பாகிட்ட சொன்னாரு. கடல் எங்கேன்னு கேட்டேன், ஜன்னலைக் காட்டினாரு, ஜன்னல்ல பக்கத்து மாடிக்காரங்க காயப்போட்ட ஜம்பரும் சாரமும்தான் தெரிஞ்சுச்சு. நானே தேடிக் கண்டுபுடிச்சேன், பாத்ரூம்ல கொமட் மேல ஏறி நின்னு கழுத்தை இடப்பக்கம் திருப்பினா மூக்குத் துடைக்கிற ஒரு கைலேஞ்சி அகலத்துக்குக் கடல் இருக்கு. நீ குளிக்கப் போகும்போதெல்லாம் கடல் பார்த்துக்கலாம், அதையும் ஒருவேளை விலையில சேர்த்திருப்பாங்க. புதுப்பித்த வீடுன்னு எழுதினியே, எனக்கென்னமோ அது புதுப் பித்து புடிச்ச வீடாட்டம் இருக்கு.

அம்மா வெள்ளைச் சுவரை மட்டும் பார்த்துக்கிட்டே இருந்தாங்க, அப்புறம் என் காதுல, தோட்டத்துக்குப் பெரிய ஆளுங்க வர்றாங்கன்னா துரை லயத்துக்கு ரோட்டுப் பக்கம் மட்டும் சுண்ணாம்பு அடிப்பாருல்ல, அந்த வாசம் அடிக்குதுடின்னாங்க. நல்லையா அதுக்குள்ள குசினிக்குக் கூட்டிட்டுப் போயி வெள்ளிமாதிரி மின்னுற பைப்பைத் தொறந்து காட்டினாரு, தண்ணி கொட்டுச்சு, நல்லா இல்லையான்னாரு. அப்பதான் அண்ணே அந்த வேடிக்கை. நம்ம லயத்துல அடுப்படியில நிக்கிறப்போ அம்மா கை தானா பக்கத்து வீட்டுக் காம்பரா சுவர்ல போயித் தட்டும்ல, ஒரு தட்டுன்னா கிருஷ்ணம்மா அத்தைக்கு உப்போ நெருப்போ வேணுமான்னு கேக்குறது, அகப்பையால விடாம தட்டினா வெளியூர்ல இருந்து நம்ம வீட்டுக்கு ஆள் வந்திருக்கு எல்லாரும் ஓடி வாங்கன்னு அர்த்தம். நீ போனதுல இருந்து அந்த அகப்பைத் தட்டு நம்ம சுவர்ல விழுந்ததே இல்ல. அதே பழக்கத்துல அம்மா அந்த மாடிவீட்டுக் குசினிச் சுவர்ல ஒரு தட்டு தட்டிட்டாங்க. தட்டின கை சுவர்ல இருக்கும்போதே வெளிய கதவு தொறக்குற சத்தம், ஒரு பொம்பளை தலையில பாதி முக்காடும் ரெண்டு கையில ரெண்டு வாளியுமா ஓடி வந்து வாசல்ல நின்னாங்க. தண்ணி வந்தீக்கா, எத்தன வாளி புடிச்சீங்கன்னு கேட்டாங்க. அவங்க சத்தம் கேட்டு அந்தப் பக்கம் இன்னும் ரெண்டு கதவு தொறந்துச்சு, அங்கேயும் வாளி, ஒரு ஆள் சவர நுரையோட வாளி வச்சுக்கிட்டு நிக்கிறாரு. நல்லையா முகத்தை நீ பார்த்திருக்கணும், அடிச்ச பெயின்ட் அப்படியே உரிஞ்சு விழுந்தமாதிரி.

அந்த அக்கா பேரு ஸரீனா. அஞ்சாம் மாடிக்குத் தண்ணி ஏறுறதே அபூர்வமாம், ஏறினா முதல்ல இந்த வீட்டுப் பைப்லதான் சொட்டும், முன்ன குடியிருந்தவங்க நல்ல மனுசங்க, வந்தவுடனே சுவத்தைத் தட்டிச் சொல்லுவாங்க, மத்த நாளெல்லாம் கீழே இருக்குற ஒத்தப் பைப்புல வரிசையில நின்னு, லிஃப்ட்டுல வாளி ஏத்த விடாததால படியிலயே தூக்கிட்டு வரணும்னு சொன்னாங்க. அப்ப இப்ப கொட்டுச்சே அந்தத் தண்ணின்னு அப்பா பாவமாக் கேட்டாரு. காலையில ரெண்டு ஆள் வாளி வாளியா ஏத்தி மேல தொட்டியில ஊத்தினதை நான் பார்த்தேனே, அது ஒங்களுக்குக் காட்டவான்னு ஸரீனா அக்கா நல்லையாவையே கேட்டாங்க. அவரு போன் அடிக்காமலே போனைக் காதுல வச்சுக்கிட்டாரு. அப்பா விடல, அவருக்கு அந்தத் தேக்குக் கதவுமேல ஆசை, கதவாவது புதுசுதானேன்னு கேட்டாரு. ஸரீனா அக்கா கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, பழைய கதவை சண்டை நேரம் ராத்திரி வீடு வீடா செக்கிங் வந்த பொலிஸ்காரங்க ஒதைச்சே ஒடைச்சாங்க, அந்த வீட்டு மகனைக் கூட்டிட்டுப் போனாங்க, மாசக்கணக்கா வெச்சிருந்துட்டு விட்டாங்க, வந்தவன் ஒரு வாரம் கூட இங்க இருக்கல, குடும்பத்தோட கனடா போயிட்டாங்கன்னு சொன்னாங்க. அம்மா அந்தக் கதவைக் கையால தொட்டுப் பார்த்தாங்க. நல்லையா மட்டும் போனைக் கீழே இறக்கிட்டு, அதெல்லாம் அந்தக் காலம் அம்மா, இப்ப சமாதானம் வந்துட்டு, அதாலதான் விலையும் ஏறியிருக்கு, லண்டன்ல இருந்து வேற ஒரு பார்ட்டி ரெடியா நிக்கிறாங்கன்னாரு. சமாதானத்தையும் சதுர அடி கணக்குல விக்கிற ஆளை நான் இப்பதான் பார்க்குறேன். லண்டன் பார்ட்டிக்கு நல்ல பெரிய வாளியா ரெண்டு வாங்கிட்டு வரச் சொல்லுங்கன்னு சொல்லிட்டு வந்தேன். கிளம்பும்போது ஸரீனா அக்கா எங்களுக்குத் தேத்தண்ணி குடுத்தாங்க, அவங்க தூக்கிட்டு வந்த தண்ணியில ஊத்தினது, அதைக் குடிக்கும்போது மட்டும் நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்.

திரும்பி வர்ற கோச்சி கடுகண்ணாவை மலையில ஏறுறப்போ அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கிட்டாங்க. அப்புறம் சொன்னாங்க, இப்ப சொல்றதை ஒரு எழுத்து மாத்தாம எழுதச் சொல்றாங்க. லயத்தைப் படுக்க வச்சிருந்தா லயம், எழுப்பி நிக்க வச்சா தொடர்மாடி, அங்கேயும் ஒட்டுச் சுவர்தான், அங்கேயும் ஒத்தப் பைப்புதான், நம்ம பீலியில தண்ணி எடுத்துட்டு நாலு அடி நடந்தா வீடு, அங்க அஞ்சு மாடி ஏறணும், லயத்துல இருந்து தப்பிக்க இன்னொரு லயத்தை வாங்குறதுக்கா என் புள்ளை வெயில்ல நிக்கிறான்னு கேக்குறாங்க. லயத்துக்காரன்ங்கற அந்தப் பேரு போகணும்னா போகட்டும் ராசா, அதைத் துரத்திக்கிட்டு நீ ஏன் போய்க்கிட்டே இருக்கேன்னு கேக்குறாங்க. விலை என்ன போடலாம்னு அப்பா கேட்டதுக்கு அம்மா சொன்னது, ஒரு எலுமிச்சம்பழம் அந்த வீட்டுக்குக் குடுத்துட்டு வந்துட்டேன், அதுவே அதிகம், அதுக்குமேல ஒரு நாள்கூடக் குடுக்காதேன்னு எழுதுன்னு. அப்பாவுக்கு மட்டும் அந்த பாத்ரூம் ஷவர்மேல இன்னும் ஒரு கண்ணு, இதை எழுதாதேங்குறாரு, எழுதியாச்சு.

வேற விசேஷம், கிருஷ்ணம்மா அத்தையோட மகளுக்கு ஆம்பளைப் புள்ளை, அழுதா லயம் முழுக்கக் கேக்குது. மழை இல்லாம மிளகுக் கொடி வாடிக் கிடக்கு. இனி அம்மா சொல்றது, ராசா நீ நேரத்துக்குச் சாப்பிடு, ஐஸ் தண்ணி குடிக்காதே, சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைக்க அங்க வழி இல்லைன்னா உள்ளங்காலுக்காவது வை, நல்லையாவுக்கு இனி போன் எடுக்காதே, எடுத்தா காசும் உனக்கு நஷ்டம், காதும் உனக்கு நஷ்டம். கம்பெனிக்காரன் கையெழுத்து வாங்க வந்தா அம்மாகிட்ட கேக்கணும்னு சொல்லு, சொல்ல வெக்கப்படாதே. மாரியாத்தா உன் தலைமேல கை வச்சு, போன வழியாவே பத்திரமா திருப்பிக் கொண்டாந்து விடட்டும்.

இப்படிக்கு
உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா அழகம்மா, அப்பா பழனிமுத்து

அம்மா கையெழுத்துப் போட்டுட்டு அரிசி களைய எழுந்துட்டாங்க, இனிமே இருக்குற இடம் என்னோடது. கொழும்புல இருந்து வந்தபிறகு வீடே மொகத்தைத் தூக்கி வச்சிருந்துச்சு, சிரிக்க வைப்போம்னு நினைச்சு செவ்வாக்கிழமை சாயந்தரம் அகப்பையை எடுத்து சுவர்ல விடாம தட்டினேன். கிருஷ்ணம்மா அத்தை வந்தாங்க, லயமே வந்துச்சு, எல்லாருக்கும் அழகு காட்டலாம்னு நாக்கை நீட்டிக்கிட்டு நின்னேன். அம்மா பீலியில இருந்திருக்காங்க. குடத்தை அப்படியே போட்டுட்டு, நனைஞ்ச சேலையோட, செருப்பில்லாம ஓடி வந்து, கூட்டத்தை விலக்கிக்கிட்டு உள்ள வந்து, கதவுக்குப் பின்னால பார்த்தாங்க அண்ணே. நீ சின்னதுல ஒளிவியே, அங்க. அம்மா என்னை அடிப்பாங்கன்னு பார்த்தேன், அடிக்கல. அகப்பையை என் கையில இருந்து வாங்கி எங்கயோ ஒளிச்சு வச்சிட்டாங்க, நீ வர்ற அன்னைக்குத்தான் வெளிய வருமாம். அதுவரைக்கும் குழம்பைக் கம்பால கிண்டிக்கிட்டிருக்கோம், ருசியா இல்ல.

சந்திரா