மிச்சிகன்காரி ஆகிவிடு, மெரிடித்

போர்ட்ஸ்மத், ஒஹையோ
ஏப்ரல், செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் மெரிடித்துக்கு அம்மா எழுதிக்கொள்வது. உன் அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் சுகம், நாய் உட்பட. நீயும் சுகம் என்று பதில் எழுதாதே, நம்பமாட்டேன். “இவ்வளவு பணம் கட்டி எனக்கு எம்.பி.ஏ.வே வேணாம்மா, வெள்ளிக்கிழமைக்குள்ள சீட்டை விட்டுடறேன்னு எழுதிக் குடுத்துடப் போறேன்” என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாயே, அப்போதிலிருந்து எனக்குக் காபி இறங்கவில்லை. நீ எழுதிக் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய் என்றுதான் விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன், முழுவதும் படித்துவிட்டு அழு.

நேற்றுக் காலை நானே மிச்சிகனில் இருக்கிற உன் பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டேன். வெகுநேரம் பாட்டைப் போட்டுக் காக்க வைத்தார்கள், நானும் விடவில்லை. கடைசியில் ஒரு பெண் வந்தாள். மாணவர்களைப் பற்றித் தாயிடம்கூடப் பேசக் கூடாது, சட்டம் என்றாள். சரி, பெயர் வேண்டாம், அப்படி ஒரு பெண் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள் என்றேன், சிரித்துவிட்டாள். வணிகப் படிப்புக்கு அவர்கள் தனி விலை வைத்திருக்கிறார்களாம், பக்கத்துக் கட்டடத்தில் வரலாறு படிப்பவனின் விலை வேறாம். முழுநேரம் சேர்ந்தால் பருவத்துக்கு மொத்தமாக ஒரு தொகை, ஒரு பாடம் கூடுதலாக எடுத்தாலும் ஏறாது. மாலை வகுப்பென்றால் பாடத்துக்கு இவ்வளவு என்று வாங்குவார்களாம். அதற்கும் மேலே, மாநிலத்துக்காரர்களுக்கு ஒரு விலை, வெளியாட்களுக்கு அதைவிட எவ்வளவோ அதிகம். மாநிலத்து வரிப்பணம் போகிற பள்ளி, சொந்தப் பிள்ளைகளுக்குக் குறைத்துக் கொடுக்கிறார்கள், அது நியாயம்தான். ஆனால் மூன்று வருடமாக உன் சம்பளத்தில் மிச்சிகனுக்கு வரி பிடிக்கிறார்களே, வரி வாங்கும்போது மட்டும் நீ அவர்கள் வீட்டுப் பிள்ளையா? இதைத்தான் கேட்டேன், கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. “கேள்வி சரிதாங்க. ஆனா அந்தப் பொண்ணோட லைசென்ஸ் ஒஹையோ, ஓட்டு ஒஹையோ, கார் நம்பர் பிளேட்டும் ஒஹையோன்னா, பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க? அவங்க இங்க விருந்தாளின்னுதானே?” என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரம் அவள்மேல் இல்லை, மெரிடித். நீ வேலைக்குக் கிளம்பிய அன்று உன் அப்பா “அந்த ஊர் பிளேட்டோட ஒரு வண்டியும் என் வாசல்ல நிக்கக் கூடாது” என்று சொன்னாரே, நீ அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாய். நம் ஒஹையோவும் வடக்கே இருக்கிற மிச்சிகனும் மோதுகிற நவம்பர் ஆட்டம் வந்துவிட்டால் அந்தப் பெயரைக்கூட வாயால் சொல்லாமல் “வடக்கத்தியான்” என்று சொல்லித் திரிகிற மனுஷன் அவர். ஒரு கால்பந்தாட்டத்துக்காக அப்பாவும் மகளும் சேர்ந்து இந்தக் கூத்தை அடித்திருக்கிறீர்கள்.

இராத்திரி சாப்பாட்டில் இதை அவரிடம் போட்டு உடைத்தேன். “லைசென்சை மாத்தட்டும், ஓட்டை மாத்தட்டும், பிளேட்டு மட்டும் அப்படியே இருக்கட்டுமே” என்று பேரம் பேசினார். “அந்தத் தகரத்துக்காக என் பொண்ணு படிப்பை விடணுமா ரஸ்?” என்று கேட்டேன். முள்கரண்டியை வைத்துவிட்டுக் கார் கொட்டகைக்குப் போனவர் நான் படுக்கும்வரை உள்ளே வரவில்லை. உன் வெண்டல் சித்தப்பா வேறு, கடன் வாங்கி வெளியாள் விலையையே கட்டச் சொல்லு, மேனேஜர் ஆனால் எல்லாம் வந்துவிடும் என்கிறார். அவர் பேச்சைக் கேட்டு எதிலும் கையெழுத்துப் போடாதே.

இப்போது நீ செய்ய வேண்டியது இதுதான். முதலில் லைசென்ஸ், ஓட்டு, பிளேட் மூன்றையும் மிச்சிகனுக்கு மாற்று. வெளியாள் என்று முடிவு செய்ததை மறுபடி பார்க்கச் சொல்லி மனு கொடுக்கலாமாம். வேலைக் கடிதம், வீட்டு வாடகை ஒப்பந்தம், வரி கட்டிய தாள்கள் எல்லாம் வை. படிப்புக்காக வந்தவள் இல்லை, பிழைக்க வந்து அங்கேயே தங்கிவிட்டவள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். கிடைக்கும் என்று அந்த அலுவலகப் பெண் உறுதி சொல்லவில்லை. சீட்டை விட்டுவிட்டால் கேட்கவே வழியில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொன்னாள். இல்லை என்றால் இன்னொரு மனு கொடு, அதற்கும் இல்லை என்றால் நான் பஸ் ஏறி வந்து அந்த அலுவலகத்தில் உட்காருகிறேன்.

இந்தப் பார்சலில் கடலை வெண்ணெய் சாக்லேட் உருண்டை வைத்திருக்கிறேன், பாதியையாவது அலுவலகத்தில் கொடு. கூடவே ஒரு திருப்புளி இருக்கும். அதை நான் வைக்கவில்லை. காலையில் எழுந்து பார்த்தால் உன் அப்பா டப்பாவுக்குப் பக்கத்தில் துடைத்து வைத்திருந்தார். “அவ பிளேட்டு திருகை நான்தான் முறுக்கினேன், லேசுல வராது. எண்ணெய் விட்டுக் கழட்டச் சொல்லு. பழைய பிளேட்டை எனக்கு அனுப்பட்டும்” என்றார். நவம்பரில் நன்றி நாள் விருந்துக்கு நீ மிச்சிகன் பிளேட்டோடு வந்தால் இரண்டு நாளில் ஆட்டம், தெருவே சிரிக்குமே, வண்டியைக் கொட்டகைக்குள் விட்டுவிடலாமா என்று கேட்டேன். “எதுக்கு? வாசல்லயே நிறுத்தட்டும். எவன் என்ன கேக்கறான்னு நானும் பாக்கறேன்” என்றார்.

ஆண்டவர் உன்னோடு இருப்பார், நாங்களும் இருக்கிறோம். வெள்ளிக்கிழமை மனுவைத் தவிர வேறு எதையும் எழுதிக் கொடுக்காதே.

முத்தங்களுடன்,
உன் அம்மா
நோரீன்