ரைட்டர் கூப்பிட்ட பெயர்

டிசம்பர் 9, செவ்வாய்

கயல்விழி, திருநங்கை என்று அச்சடித்த என் புது அடையாள அட்டையை இன்று காலை காப்பி எஸ்டேட்டில் வருகைப் பதிவேடு எழுதும் ரைட்டரிடம் நீட்டினேன். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"பதிவேட்டுல செல்வராசுன்னுதான் இருக்குது. ஆம்பளைங்க வரிசைக்குப் போ."

நான் போகவில்லை. பெண்கள் வரிசையின் கடைசியில் போய் நின்றேன்.

அவர் முதலில் மாரியக்காவைக் கூப்பிட்டார். இரண்டு வருடமாக என்னோடு முகம் கொடுத்துப் பேசாதவர் மாரியக்கா. இன்று ரைட்டருக்கும் பதில் சொல்லவில்லை. மறுபடி கூப்பிட்டதும் மாரியக்கா வாய் திறந்தார்.

"ஏனுங்க, அந்தப் புள்ள பேர மொதல்ல எழுதுங்க. அப்பறம் நாங்க சொல்றோம்."

அடுத்த பெயருக்கும் பதில் இல்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை. காப்பிப் பழம் செடியில் உதிரக் காத்திருக்கிறது, முப்பது பெண்கள் கூடையோடு அசையாமல் நிற்கிறார்கள். ரைட்டர் எங்களையே பார்த்தார். பிறகு பழைய பெயரை அடித்துவிட்டுப் புதுப் பெயரை எழுதிக் கூப்பிட்டார்.

"கயல்விழி."

"இருக்கேனுங்க" என்றேன். சத்தம் அதிகமாகிவிட்டது. வரிசையே சிரித்தது, நானும் சிரித்தேன்.

வெள்ளக்கடை ஊரில் இருக்கும் அம்மாவிடம் சொல்ல வேண்டும். போனை எடுப்பாளா, தெரியவில்லை. எடுக்காவிட்டாலும் இன்றைக்கு அழமாட்டேன். கண் சொக்குகிறது. காலையில் மறுபடி பெயர் கூப்பிடுவார்கள், நேரத்தோடு போய் நிற்க வேண்டும்.